நனைந்தது மேலே இருக்கட்டும்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு 29 வயது. ஊர் கம்பம், கடை குமுளியில். ஏலக்காய் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரம். அத்தா மவுத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. வடக்கே இருந்து வாங்கும் பழைய பார்ட்டி, "காய் இன்னும் பச்சையாக வேண்டும்" என்கிறார். அக்கம்பக்கத்தில் சிலர் சாயம் போட்டு அனுப்புகிறார்கள். நான் மாட்டேன் என்றதில் மூன்று லாட் கைவிட்டுப் போனது. கூட்டாளியான மாமா, "உங்கத்தாவுக்கு இருந்த தைரியத்துல பாதி இருந்தாக்கூட நீ இந்நேரம் எங்கயோ போயிருப்ப" என்கிறார். வட்டிக்கு வாங்கி 500 கிலோ இருப்பு வைத்தால் 2019 மாதிரி விலை ஏறும்போது விற்கலாம் என்றும் சொல்கிறார். வண்டன்மேடு பக்கம் சிறு விவசாயிகளுக்கு அத்தா முன்பணம் கொடுத்துவிட்டு, காய் வரும்போது மார்க்கெட்டை விடக் கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்வார். 2024 கோடையில் தோட்டம் கருகியதில் 11 பேர் இன்னும் பாக்கி தீர்க்கவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை, விடவும் முடியவில்லை. வியாபாரமும் சேவைதான் என்று ஜும்ஆ பயானில் கேட்கிறேன். கடையைத் திறந்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் கோழையா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோழை இல்லை. மூன்று லாட் போவதைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் மாமாவின் பேச்சையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் மலை ஏறிப் போய்க் கடையைத் திறக்கிறீர்களே, அதற்குத்தான் தைரியம் வேண்டும். மாமா அந்தச் சொல்லை வேறு எதற்கோ வைத்திருக்கிறார்.

நான் ஆலிம் இல்லை, மார்க்கக் கல்வி படித்தவன் இல்லை. முப்பது வருடமாகக் கம்பம் பள்ளத்தாக்கில் வியாபாரிகளுக்குக் கணக்கும் வரியும் பார்க்கிறவன். வீடு தமிழ்நாட்டில், கடை கேரளாவில் என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர். மார்க்கத் தீர்ப்பு தேவைப்படும் இடத்தில் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு கடையின் பேரேட்டைப் புரட்டினால் அது எந்த வருடம் பயந்தது, எந்த வருடம் பேராசைப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். அதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் சாயம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மாமாவோடு பேசும்போது தேவைப்படும் என்பதால் பிரித்துச் சொல்கிறேன். பறித்த காயை ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், ஏற்றும் முன் 2 சதவீத வாஷிங் சோடாத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுப்பார்கள். உலரும்போது பச்சை போய்விடாமல் அது பிடித்துக்கொள்ளும். அப்புறம் சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்கும்படி, வெளிச்சம் படாமல், ஒரு நாள் போலக் காய வைப்பார்கள். இது தொழில் தெரிந்தவர் செய்யும் வேலை. காய்க்குச் சொந்தமான நிறத்தை அவர் காப்பாற்றுகிறார். காய்ந்து வெளுத்த காயின் மேல் மஞ்சள் சாயத்தையும் நீலச் சாயத்தையும் கலந்து தெளித்துப் புரட்டுகிறவர் காய்க்கு இல்லாத நிறத்தை இருப்பதாகச் சொல்கிறார். ஏலக்காயில் வெளியில் இருந்து எந்த நிறமும் சேர்க்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடோனில் இருப்புக் கணக்கு எடுக்கப் போயிருந்தேன். எந்தக் குடோன் என்று சொல்லப் போவதில்லை. தரையில் சாக்கு விரித்துப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மா எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். எவர்சில்வர் தம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் நகத்தின் ஓரமெல்லாம் பச்சை. ரேகைகளிலும் பச்சை. "என்னக்கா கையில?" என்றேன். "காய் சார்" என்றார். நல்ல காயைத் தொட்டால் விரலில் வாசனை ஒட்டும், பச்சை ஒட்டாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு மூட்டைகளை எண்ணி முடித்தேன். அந்த வருடக் கணக்கைப் போட்டும் கொடுத்தேன். அடுத்த வருடம்தான் அந்த முதலாளியிடம் போய், இனிமேல் உங்கள் கணக்கை நான் பார்க்க முடியாது என்று சொன்னேன். நடுவில் போன அந்த ஒரு வருடத்துக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. பயம்தான். மாதா மாதம் வரும் கட்டணம் நின்றுவிடுமே என்ற பயம். அந்த விரல்கள் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. உங்களுக்கு மூன்று லாட்டில் வந்த தைரியம் எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாயம் போட மாட்டேன் என்பதோடு நின்றுவிட்டீர்கள். வெளுத்த காயை என்ன செய்வது என்று நீங்கள் யோசித்த மாதிரி கடிதத்தில் தெரியவில்லை. அங்கேதான் எனக்கு அந்தத் தானியக் குவியல் ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. பயானில் பலமுறை கேட்டிருப்பீர்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். கையை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். விரலில் ஈரம் படுகிறது. இது என்ன என்று கேட்க, மழையில் நனைந்துவிட்டது அல்லாஹ்வின் தூதரே என்கிறார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் அல்ல என்கிறார்கள். முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது.

எல்லாரும் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு முந்தைய வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். அந்த வியாபாரி தண்ணீர் ஊற்றவில்லை, மழை பெய்தது. அவர் செய்த தவறு நனைந்ததைக் கீழே வைத்தது மட்டும்தான். அடுத்தது, நனைந்ததைக் கொட்டிவிடு என்று நபி (ஸல்) சொல்லவில்லை, விற்காதே என்றும் சொல்லவில்லை. மேலே வை என்றார்கள். அதாவது குறை உள்ள சரக்குக்கும் சந்தையில் இடம் உண்டு, அதற்கு உரிய விலையும் உண்டு. வாங்குகிறவர் கண்ணுக்கு அது முதலில் பட வேண்டும், அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். செய்து பாருங்கள். சாம்பிள் பொட்டலம் கட்டும்போது கை தானாக எட்டு எம்.எம். பருமன் உள்ள நல்ல காயைத் தேடிப் போகும். வெளுத்தது, வெடித்தது, இலைப்பேன் தின்று சொறி விழுந்தது எல்லாவற்றையும் உள்ளங்கையால் ஒதுக்கித் தள்ளும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், எல்லாக் கையும் அப்படித்தான் போகிறது. அந்தக் கையைத் திருப்பி, ஒதுக்கியதை எடுத்துப் பொட்டலத்தின் மேலே வைப்பதற்கு உண்மையிலேயே நெஞ்சுரம் வேண்டும். வட்டிக்கு வாங்கி 500 கிலோ அடுக்குவதற்கு வேண்டிய துணிச்சலை விட இது பெரியது என்பது என் அபிப்பிராயம்.

கணக்காகவே பார்ப்போம். விலை நான் உதாரணத்துக்கு வைப்பது. 500 கிலோ லாட்டில் 400 கிலோ நல்ல பச்சை, 100 கிலோ வெளுத்தது. பச்சை 2,500, வெளுத்தது 2,100 என்று வையுங்கள். பிரித்து, சொல்லி விற்றால் 12,10,000 ரூபாய். சாயம் போட்டு எல்லாவற்றையும் ஒரே விலைக்கு விற்றால் 12,50,000. வித்தியாசம் 40,000 ரூபாய். அந்த 40,000க்காக முழு லாட்டையும், அதோடு லைசென்ஸையும் அத்தாவின் பெயரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு மூட்டையில் சாம்பிள் எடுத்தால் போதும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மாமாவிடம் காட்டுங்கள். ஹதீஸ் சொன்னால் "அது சரிப்பா, ஆனா…" என்பவர்கள்கூட இதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

வெளுத்த காய்க்கு வாங்குகிறவர்கள் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஏலக்காயின் எண்ணெயும் மணமும் விதையில்தான் இருக்கிறது, தோலில் இல்லை. டீ மசாலா அரைக்கிறவர்கள், பிரியாணி மசாலாக் கம்பெனிகள், இனிப்புக் கடைகள், எண்ணெய் பிழிகிற ஆலைகள், இவர்களுக்கு விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் போதும். தோலின் நிறத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் முழுக்காயாக விற்கிறவர்தான். உங்கள் கடை இத்தனை வருடமும் வடக்கே ஒரே ஒரு பார்ட்டியை நம்பி நின்றிருக்கிறது. உங்கள் பயத்தில் பாதி அதனால் வந்தது. மதுரை, கோயம்புத்தூர், கொச்சி என்று மூன்று நான்கு சிறிய பார்ட்டிகளைப் பிடியுங்கள். கொச்சியில் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டுக்குச் சோதனைக்கூடம் இருக்கிறது. ஒரு லாட்டையாவது அங்கே கொடுத்து, நிறம் சேர்க்கவில்லை என்று தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடா நாடுகள் பூச்சிமருந்து எச்சத்தைக் காட்டி நம் காயைத் திருப்பி அனுப்பிய பிறகு, சுத்தமான காய்க்குச் சான்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

பழைய பார்ட்டியிடமும் ஒரு தடவை நேராகப் பேசிவிடுங்கள். "இந்தப் பச்சைக்கு மேல் காயில் பச்சை கிடையாது. இதற்கு மேல் வேண்டும் என்றால் அது சாயம். என்னிடம் கிடைக்காது. இந்தச் சரக்கு இன்ன விலை." இவ்வளவுதான். கோபம் வேண்டாம், உபதேசமும் வேண்டாம். அவர் போனாலும் போகலாம். வாங்குகிறவரும் விற்கிறவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் இருவருக்கும் அந்த வியாபாரத்தில் பரக்கத் (அருள்வளம்) உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது புகாரியில் உள்ள ஹதீஸ்.

இமாம் அபூஹனீஃபாவைப் பற்றி ஒரு செய்தி வரும். அவர் கூஃபா நகரில் துணி வியாபாரி. கூட்டாளியிடம் கொடுத்த துணிகளில் ஒன்றில் குறை இருந்தது. அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் அவருடைய ஹனஃபி மத்ஹபில், அதாவது அவர் காட்டிய சட்ட வழியில், தொழுகிறவர்கள். தொழுகையில் கை கட்டும் இடத்தை அவரிடம் கேட்டுக்கொள்கிற நாம் கடைக்கும் அவரைக் கொஞ்சம் கூட்டிப் போகலாம்.

உண்மையும் நாணயமும் உள்ள வியாபாரி நபிமார்களோடும், ஸித்தீக்குகள் என்னும் வாய்மையாளர்களோடும், ஷஹீதுகளோடும் இருப்பார் என்று திர்மிதியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. சின்ன வயதில் இது எனக்குப் புரிந்ததே இல்லை. போர்க்களத்தில் உயிரைக் கொடுத்தவரும், கடையில் உட்கார்ந்து காய் விற்றவரும் எப்படி ஒரே வரிசையில் நிற்க முடியும்? இந்தத் தொழிலில் இருந்து பார்த்த பிறகு எனக்கு இப்படித் தோன்றுகிறது: போரில் நிற்பவரை ஊர் பார்க்கிறது. தராசு முன்னால் நிற்பவரை ஒருவரும் பார்ப்பதில்லை. தினமும், ஒரு நாளைக்கு இருபது தடவை, யாரும் பார்க்காத இடத்தில் அவர் தன்னோடு நின்றாக வேண்டும்.

இனி மாமாவின் இருப்புத் திட்டம். வட்டிக்கு வாங்குவது பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியாபாரத்தை அல்லாஹ் ஆகுமாக்கி வட்டியைத் தடுத்திருக்கிறான் என்பது பகரா சூராவில் ஒரே வசனத்தில், பக்கத்துப் பக்கத்தில் வருகிறது. பதுக்கல் விதி ஏலக்காய்க்கு எந்த அளவு பொருந்தும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரிசி, கோதுமை மாதிரி இது அன்றாட உணவு இல்லை. அதை ஹஜ்ரத்திடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது 2019. 2018 ஆகஸ்டில் வெள்ளமும் மண்சரிவும், அடுத்த கோடையில் வறட்சி. காய் இல்லாமல் 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையை இன்றைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். 2021இல் அதே காய் ஆயிரத்தை ஒட்டி இறங்கி நின்றதைச் சொல்கிறவர் குறைவு. விலை இறங்கத் தொடங்கியதும் மறுபடி ஏறும் என்று வட்டிக்கு வாங்கி அடுக்கிய ஒருவரின் கணக்கை நான் பார்த்தேன். வட்டி மாதா மாதம் போனது. இரண்டாவது மழைக்காலத்தில் மூட்டையைத் திறந்தால் காய் வெளுத்திருந்தது. வெளுத்த பிறகு அவருக்கு யாரோ சாயத்தைப் பற்றிச் சொன்னார்கள். மாமா சொல்லும் இரண்டு யோசனைகளும் தனித்தனி இல்லை தம்பி, இருப்பு வைப்பது சாயத்தில் கொண்டு போய் விடும்.

மாமாவோடு சண்டை வேண்டாம். அவர் பயப்படுகிறார், அதைத் தைரியம் என்ற பெயரில் சொல்கிறார். அவருடைய பங்கு எவ்வளவு, லாபம் எப்படிப் பிரியும், நட்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறதா? ஹனஃபி மத்ஹபில் லாபத்தைப் பேசிக்கொண்டபடி பிரிக்கலாம், நட்டம் மட்டும் முதல் போட்ட அளவுக்குத்தான் பிரியும். குர்ஆனில் மிக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்பதுதான். மாமா மச்சான் என்று எழுதாமல் விட்ட கூட்டுகள் எத்தனை என் மேஜையில் வந்து உடைந்திருக்கின்றன என்று எண்ணி முடியாது.

உங்கள் கடிதத்தில் கேள்வியாகக் கேட்காத ஒரு வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அத்தா முன்பணம் கொடுத்துவிட்டுக் கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்வார் என்ற வரி.

மலையில் பலரும் செய்வதுதான். அதனால்தான் அது உங்களுக்கு உறுத்தவில்லை. 1 லட்சம் முன்பணம் வாங்கிய விவசாயி ஒரு பருவத்தில் 300 கிலோ காய் போடுகிறார் என்றால், அந்தக் கடனுக்காக அவர் 15,000 ரூபாய் கொடுக்கிறார். விவசாயக் கடனுக்கு வங்கி கேட்பதை விட அதிகம். கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காட்டி ஒரு ஆதாயத்தை நிபந்தனையாக வைத்தால் அது வட்டி என்பதில் மத்ஹபுகள் வேறுபடவில்லை. ரொக்கமாக வாங்கினால் வட்டி என்கிறோம், காயாக வாங்கினால் "குறைச்சுப் போட்டது" என்கிறோம்.

அத்தாவைக் குறை சொல்ல எனக்கு வயதும் இல்லை, உரிமையும் இல்லை. அவர் காலத்து வியாபாரிகள் பலரை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நடு இரவில் பிரசவத்துக்குப் பணம் எடுத்துக் கொடுத்தவரும் அவரேதான், கிலோவுக்கு 50 குறைத்தவரும் அவரேதான். அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் நிறுத்துவது உங்கள் வேலை ஆகிறது. சாயம் வேண்டாம் என்று வெளியாளிடம் சொன்னதை விட இது கடினமாக இருக்கும், ஏனென்றால் இங்கே எதிரில் நிற்பது அத்தாவின் கையெழுத்து.

எப்படி நிறுத்துவது? பழைய பாக்கி வெறும் கடன். அதற்கு மேல் எந்த ஆதாயமும் வைக்காமல், அவர்கள் கொண்டு வரும் காயை அன்றைய மார்க்கெட் விலைக்கு எடுங்கள். அதில் ஒரு பகுதியைக் கடனுக்குக் கழியுங்கள், மீதியைக் கையில் கொடுங்கள். உங்களிடம்தான் காய் போட வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். புதிதாகக் கொடுப்பது என்றால் அதற்கு மார்க்கத்திலேயே வழி இருக்கிறது. நபி (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது அங்கே பழத்துக்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே பணம் கொடுக்கும் பழக்கம் இருந்தது. அதை அவர்கள் தடுக்கவில்லை. தெரிந்த அளவு, தெரிந்த எடை, தெரிந்த தவணை என்று நிபந்தனை வைத்தார்கள். ஸலம் என்று அதற்குப் பெயர். இன்ன தரத்தில் இத்தனை கிலோ உலர்ந்த காய், இன்ன தேதிக்கு, முழு விலையும் இப்போதே கையில். இன்னாருடைய தோட்டத்தில் காய்த்ததுதான் வேண்டும் என்று கட்டக் கூடாது, அந்தத் தோட்டம் கருகினால் அவர் எங்கே போவார்? விலை குறைவாகப் பேசலாம். ஆனால் அது இரண்டு பேரும் முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொண்ட விற்பனை விலை. பழைய பாக்கியையே ஸலத்தின் விலையாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. பத்திரம் எழுதும் முன் ஹஜ்ரத்திடம் ஒரு தடவை காட்டுங்கள்.

அந்த 11 பேரிடம் நேரில் போங்கள். போனில் கேட்க வேண்டாம். தோட்டத்தைப் பார்த்தால் பாதி பதில் தெரிந்துவிடும். செடி காய்ந்து மறுபடி நட்டுவிட்டு, காய்ப்புக்குக் காத்திருக்கிறவர் ஒரு ரகம். கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று குர்ஆன் சொல்வது அவரைப் பற்றி. புது ஜீப் வாங்கி நிறுத்திவிட்டு அடுத்த மாதம் என்கிறவர் இன்னொரு ரகம். வசதி உள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் ஹதீஸ்தான். அவரிடம் தயங்காமல் கேளுங்கள். இரண்டு ரகத்திடமும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விட்டுக்கொடுக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தா கொடுத்த பணம் உங்கள் ஒருவருடைய பணம் இல்லை. அத்தாவின் சொத்தில் அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு. இரண்டு வருடம் ஆகியும் பிரித்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. பிரிக்கவில்லை என்றால் கடைச் சரக்கிலும், 11 பேரின் பாக்கியிலும் அவர்களுடைய பணம் இருக்கிறது. உங்கள் பங்கை நீங்கள் தாராளமாக விடலாம். அவர்கள் பங்கை அவர்கள்தான் விட வேண்டும், கேட்டுப் பார்த்தால் விடவும் செய்யலாம். இன்னொன்று, வராத கடனை ஜகாத் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. ஜகாத் கையில் போய்ச் சேர வேண்டும்.

சேவை எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். கடைக்கு வெளியே எங்கோ தேட வேண்டாம். கம்பத்திலும் கூடலூரிலும் விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மேலே தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பறித்த காய்தான் உங்கள் சாக்கில் இருக்கிறது. உங்களிடம் காய் பிரிக்கிறவருக்கு வியர்வை காயும் முன் கூலி போகிறதா, சனிக்கிழமை என்று சொன்னால் சனிக்கிழமை போகிறதா என்று பாருங்கள். காய் எடை போடும்போது தட்டில் ஈரச் சாக்கு கிடக்கிறதா என்று பாருங்கள். அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று ஒரு சூராவே தொடங்குகிறது. பில் இல்லாமல் செக்போஸ்ட் தாண்டும் சரக்கு உங்கள் கடையில் இருந்து போக வேண்டாம். 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில், 5 சதவீத ஜிஎஸ்டி, இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் டிரைவர் இரவில் நிம்மதியாக வண்டி ஓட்டுவார். ஏலத்தில் வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிடக் கேட்காதீர்கள், அதை நபி (ஸல்) பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் முடிந்த பிறகு பள்ளிவாசலுக்கு நன்கொடை கொடுங்கள். நன்கொடைப் பலகையில் பெயர் இருந்து, கூலிப் புத்தகத்தில் பாக்கி இருக்கும் கடைகளும் எனக்குத் தெரியும்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்தபோது, அன்சாரித் தோழர் ஒருவர் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர் துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி எது என்று மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று ஆரம்பித்தார். மூன்று லாட் போனதில் மனசு கனக்கும்போது எனக்கு அவரைச் சொல்லத்தான் தோன்றுகிறது. உங்களிடம் கடை இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, காயைப் பார்த்தால் தரம் சொல்லும் கண் இருக்கிறது.

அடுத்த லாட்டுக்குச் சாம்பிள் கட்டும்போது வெளுத்த காயில் ஒரு பிடி எடுத்து மேலே வைத்து அனுப்புங்கள். பில்லில் "வெளிர் காய் இத்தனை சதவீதம், நிறம் சேர்க்காதது" என்று உங்கள் கையால் எழுதுங்கள். மாமா பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அத்தாவின் பழைய பேரேடுகளை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வாருங்கள், முடிந்தால் மாமாவையும் கூட்டிக்கொண்டு. அந்த 11 பெயரையும் ஒவ்வொன்றாக எடுத்து, மார்க்கெட் விலைக்கும் அத்தா போட்ட விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாக்கியில் கழித்தால் யாருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று போட்டுப் பார்ப்போம். ஒன்றிரண்டு பேருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும் என்று வரலாம். அதற்கும் தயாராக வாருங்கள்.